இரண்டு சென்டிமீட்டர்

மகள் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். கால்களைப் பின்னால் மடக்கிக்கொண்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள்.

உடற்பயிற்சிச் சாமான் விற்கும் அந்தக் கடையின் நடுவில், அவளுடைய அப்பா, டெய்லர், துணிப்பையை மார்போடு அணைத்தபடி நின்றார். அவள் லேசாக ஆடும்போதெல்லாம் அவர் கை தன்னையறியாமல் முன்னே போய், பாதியில் நின்றது.

தீயணைப்புப் படையில் பெண்களுக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். குறைந்தது நூற்றைம்பத்தேழு சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அவளுக்கு நூற்றைம்பத்தைந்து. போன வாரம் அவரே சுவரோரம் நிற்கவைத்து அளந்து சொன்னார்.

மறுநாள் பல் தேய்த்துக்கொண்டே, "அடுத்த வருஷம் போடறேன். அதுக்குள்ள தொங்கித் தொங்கியே வளர்ந்துடறேன்" என்றாள்.

விண்ணப்பிக்க இன்று மாலை ஐந்து மணி கடைசி. காலையிலிருந்து இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைக்காரர் நேர்மையான ஆள்.

"தொங்கினா உயரம் வரும்னா வௌவாலெல்லாம் இந்நேரம் ஒட்டகச்சிவிங்கி ஆகியிருக்கணுமே, தங்கச்சி. கைக்கு பலம் வரும். அதுக்கு நான் கேரண்டி."

அவள் கீழே குதித்து உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "அது என் பாடுண்ணே. நீங்க கம்பியைக் காட்டுங்க."

மூன்று விதம் இருந்தன. சுவரில் துளை போட்டு மாட்டுவதை வீட்டுக்காரர் விடமாட்டார். கதவின் மேல்சட்டத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. மிச்சமிருந்தது, கதவு நிலைக்கு நடுவில் வைத்துத் திருகினால் இரண்டு பக்கமும் ரப்பர் இறுகிப் பிடிக்கும் கம்பி. சின்னது எண்பத்தொன்பது சென்டிமீட்டர் வரைதான் நீளும், பெரியது அதற்கு மேல்.

டெய்லர் திருகாணியைச் சுற்றிப் பார்த்தார். ரப்பரை நகத்தால் கீறிப் பார்த்தார். எவ்வளவு எடை தாங்கும் என்று இரண்டு தடவை கேட்டார். அவளைத் தாங்கப்போகிற எதையும் அவர் இப்போதெல்லாம் அப்படித்தான் பார்த்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் தீப்பிடித்தது. எல்லாரும் படியிறங்கி ஓட, இவள் மட்டும் ஏறினாள். ஒரு கைக்குழந்தையோடும் கருகிய புருவத்தோடும் இறங்கி வந்தாள். கூட்டம் கைதட்டியது. அன்று டெய்லரால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

"நிலை அகலம் எவ்வளவு?" கடைக்காரர் கேட்டார்.

"எண்பத்தெட்டு. நேத்து நான்தான் அளந்தேன்" என்றாள் மகள்.

கடைக்காரர் சின்னதை எடுத்து வைத்தார். கொண்டுவந்து மாட்டித்தர விலாசம் கேட்டார். சொன்னதும் பேனாவை மூடினார்.

"அந்தக் குடியிருப்பா? அங்க நாலு வீட்டுக்கு நான்தான் மாட்டினேன். எல்லா நிலையும் தொண்ணூறு. ஒரே அச்சு."

"அப்பாவோட டேப்புல அளந்தது. முப்பது வருஷ டெய்லர் அவர். எங்க வீட்ல அளவு தப்பாது."

அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். கடைக்காரர் மரியாதைக்காகத் தலையசைத்துவிட்டு, பெரிய கம்பியைச் சின்னதின் பக்கத்தில் வைத்தார்.

டெய்லர் இரண்டு கம்பிகளையும் மாறி மாறிப் பார்த்தார். எதை எடுத்தாலும் இன்றைக்குக் காரியம் முடிந்துவிடும். வீட்டில் போய் மாட்டும்போது பொருந்தவில்லை என்றால் நாளை வந்து மாற்றிக்கொள்ளலாம். நாளைக்கு எல்லாமே மாற்றிக்கொள்ளலாம்.

சுவர்க்கடிகாரம் மூன்றரையைத் தாண்டியிருந்தது.

"உங்ககிட்ட இரும்பு டேப்பு இருக்கா?" என்றார். "இவளை ஒரு தடவை அளங்க."

"என்னப்பா திடீர்னு?"

"செருப்பைக் கழட்டிட்டு நேரா நில்லும்மா."

கடைக்காரர் அவளைத் தூணோரம் நிறுத்தி, தலைமேல் ஒரு கணக்கு நோட்டைப் படுக்கவைத்து, டேப்பை மேலே இழுத்தார்.

"நூத்தியம்பத்தெட்டு."

"என்னது?"

"நூத்தியம்பத்தெட்டு, தங்கச்சி. நல்லாத்தான் வளர்ந்திருக்க."

அவள் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"துணி டேப்பு நாளாக நாளாக இழுபட்டு நீண்டுடும் சார். எல்லாத்தையும் குறைச்சுக் காட்டும். டெய்லருக்கே அதை நான் சொல்லணுமா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

டெய்லர் சிரிக்கவில்லை. அளப்பதும் வெட்டுவதும் ஒரே டேப்பாக இருக்கும்வரை சட்டை சரியாகவே அமையும். குறை வெளியே தெரியவே தெரியாது.

மகள் அதற்குள் ஒரு கையில் செருப்பும் மறு கையில் அப்பாவின் முழங்கையுமாகத் தெருவுக்கு வந்துவிட்டாள். ஒற்றைக்காலில் தத்தித் தத்திச் செருப்பை மாட்டினாள். கோபத்தின் நிழல்கூட அந்த முகத்தில் இல்லை.

"பழைய டேப்பு, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? விடுங்கப்பா. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு. பிரவுசிங் சென்டர் இந்தத் தெருமுனைலதான்."

அவள் முன்னால் நடந்தாள். இப்படியே விட்டுவிட்டால் போதும். அவள் இதை ஒரு வேடிக்கைக் கதையாக ஆயுள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

நாலு எட்டு நடந்தபின் டெய்லர் நின்றார்.

"அந்த டேப்பு கெட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியும்மா. மூணு வருஷமா அதை யாருக்கும் வச்சு அளக்கலை. உன்னை அளக்கத்தான் பெட்டிலேருந்து எடுத்தேன்."