பல்லைக் கடிச்ச பை

பெஞ்சமின் வீட்டு அலமாரியில ஒரு கறுப்புப் பை இருந்துச்சு. நெஞ்சுத் துடிப்பு பாக்குற குட்டி மிஷினை அது வயித்துக்குள்ள வச்சுக் காப்பாத்துச்சு. அதுமேல அவ்வளவு பாசம்.

"அக்கா, வெளிய விடேன். வாங்கினதுலேருந்து சும்மாவே கெடக்குறேன்"னு மிஷின் கெஞ்சும்.

"எதுக்குக் கண்ணு? தூசி படும், கீழ விழுவ. அந்த டிவி ரிமோட்டைப் பாரு, இன்னும் கவர்கூடப் பிரிக்காம மாப்பிள்ளையாட்டம் இருக்கு!"

ஒருநாள் காலையில பெஞ்சமினுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. பையை எடுத்து ஜிப்பை இழுத்தாரு. பை பல்லைக் கடிச்சுக்கிட்டு விடவேயில்ல. அவரு பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இழுத்தாரு. அப்பத்தான் அதுக்குக் கேட்டுச்சு: டக்... டக்டக்... டக்.

"ஐயையோ, இந்த நெஞ்சுக்கு உறையே போடலையே! கண்ணு, ஓடு!"ன்னு பை வாயைத் திறந்துடுச்சு.

மிஷின் துடிப்பைப் பாத்துச் சொல்ல, அவரு டாக்டர்கிட்ட போயி, சாயங்காலம் மாத்திரையோட வீடு திரும்பினாரு. மிஷினும் பைக்குள்ள வந்து படுத்துச்சு.

"என்னக்கா, ஜிப்பு பாதி திறந்தே கெடக்கு? அவரு நெஞ்சுச் சத்தம் கேக்குதான்னு பாக்குறியா?"

"போடா. காத்து வரட்டும்னு திறந்து வச்சேன். சத்தம் போடாம படு, எனக்குக் கேக்கல."