காயும் நெல்லுக்கு மேலே

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, தரை தெரிந்தும் இறங்காதவன் ஒருவனின் கதை சொல்கிறேன். தஞ்சாவூருக்கு வெளியே விமானத் திடலில் சாகசக் காட்சி. கறுப்பு சிவப்புக் கொடிகளுக்குக் கீழே திருவிழாக் கூட்டம். பகலெல்லாம் வயல்களுக்கு மருந்தடித்த லூர்துராஜ், அதே குட்டி விமானத்தில் அங்கே இறங்க வருகிறான். முன்னால் ஒரு விமானம், பின்னால் ஒன்று. முந்தாமல், விலகாமல், வரிசையில் வந்தால்தான் எல்லாருக்கும் உயிர். மருந்து நெடியில் கண் எரிகிறது, தோள் கழன்றுவிடும் போல வலிக்கிறது. கீழே வாய்க்கால்கள் சாய்ந்த வெயிலில் மின்னி மறைகின்றன. இறங்கச் சொல்லிப் பச்சை விளக்கு காட்டுகிறார்கள். தாழும்போதுதான் ஓடுபாதை நுனியில் மஞ்சளாய் ஏதோ விரிந்திருப்பது தெரிகிறது.

"நெல்லுண்ணே," என்கிறான் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக் நாகநாதன். "சும்மா கெடக்குற தார்த் தரைதானேன்னு காயப்போட்டிருக்காங்க. பண்ணையோட போராடி வாங்குன கூலி நெல்லு, மழையில நனைஞ்சுடுச்சு."

முன்னால் இறங்கிய விமானத்தின் காற்றில் சிதறியதை ஒரு பெண் குனிந்து முறத்தால் வாரிக்கொண்டிருக்கிறாள்.

"தாண்டி எறக்கிடுங்கண்ணே. உங்களுக்கும் முடியல."

"நாம தாண்டுனாலும் நம்ம காத்து தாண்டாதுடா. நெல்லு பறக்கும். அதைப் புடிக்க அந்தம்மா நடுவுல ஓடிவருவாங்க."

லூர்துராஜ் விசையை முன்னுக்குத் தள்ளுகிறான். விமானம் முனகிக்கொண்டு நேரே மேலேறி, வரிசையின் கடைசிக்குத் திரும்புகிறது. பின்னால் வந்தவனும் பார்த்துவிட்டு மேலேறுகிறான். கீழே விளக்கு சிவப்பாகிறது.

"அள்ளட்டும்," என்று வலிக்கும் தோளைச் சாய்த்து இன்னொரு வட்டம் போடுகிறான். அவள் நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

உங்கள் வீட்டுக் குதிர் நிறையட்டும், வெளியே போனவர்கள் எல்லாரும் பொழுதோடு வீடு வந்து சேரட்டும்.