இறங்காத விலை

"தொள்ளாயிரம்னா தொள்ளாயிரந்தானம்மா. ஒரு ரூபா எறங்காது."

ஆறுச்சாமி தலையை நிமிர்த்தாமலே சொன்னார். மங்கலம் ரோட்டில் இருந்த அவருடைய மர மில்லில் ரம்பம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. எதிரே மருதாள் நின்றாள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு நேராக வந்துவிட்டாள். சேலையெல்லாம் நூல் துணுக்கு.

"மூஞ்சில அடிச்சாப்பல சொன்னா எப்படீங் சாமி? போன தீவாளிக்கு எண்ணூறுன்னீங்க. வாயக் கட்டி வயித்தக் கட்டி எண்ணூறு சேத்தீட்டு வந்தா, இப்பத் தொள்ளாயிரம்ங்கறீங்க!"

"மரம் வெல ஏறிப்போச்சும்மா. நானென்ன பண்ணட்டும்?"

"என்ர பையன் பம்பாய் போறதுக்கு முன்னால தட்டிப் பாத்து வெச்சுட்டுப் போன வேங்கை மரமுங்க. வேற எடத்துல வாங்க மனசு வருங்களா?"

சுவரோரம் சாத்தியிருந்த நிலைச்சட்டத்தை அவள் தடவிப் பார்த்தாள். பேசியதிலேயே மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள்.

"தலைவாசல் நிலவுச் சட்டத்த மூத்த பையந்தானுங்க தூக்கி நிறுத்தோணும். நிலவு வெக்கறப்பத்தான் வருவேன்னு சொல்லி உட்டிருக்கான். எங்கூட்டுக்காரரு பம்பாய்க்கே போயிப் பாத்துட்டு வந்து சொன்னாரு. இந்தச் சட்டம் ஊடு வந்து சேர்ந்தாத்தான் என்ர கண்ண நான் பாக்க முடியும். ரெண்டு வருசமாச்சுங்க சாமி, அவன் மொகத்தப் பாத்து."

அவள் புருஷன் நல்லான் மரத்தூள் குவியல் பக்கம் நின்றிருந்தார். பேரம் பேச வந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசாத மனுஷன். எப்போதும் அப்படித்தான்.

"தொள்ளாயிரம்," என்றார் ஆறுச்சாமி மறுபடியும்.

மருதாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே நல்லானும் போனார்.

பார்த்துக்கொண்டிருந்த மயில்சாமிக்குப் பொறுக்கவில்லை. அவன் ஆறுச்சாமியின் மனைவிக்குத் தம்பி. மில்லைக் கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

"ஏன் மச்சான், கட்டிங் டேபிளுக்குப் பலகை வாங்க வந்த கம்பெனிக்காரரு கார்ல வந்தாரு. அவருக்கு எரநூறு கொறச்சு, ரீப்பர் கட்டை வேற சும்மா குடுத்தீங்க. அந்தம்மாவுக்கு ஒரு நூறு கொறச்சா கொறஞ்சா போயிருவோம்?"

"பேரம் பேசறவங்கள வெறுங்கையோட அனுப்பப்படாதுதான் மாப்ள. ஆனா அந்தம்மா விசயத்துல நீ தலையிடாத. நானில்லாதப்ப வந்தாலும் ஒரு ரூபா கொறைக்கப்படாது. சொல்லிப்போட்டேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெற்றவள் பிள்ளையைப் பார்க்கத் தவிக்கிறாள், இந்த மனுஷனுக்கு நூறு ரூபாய் பெரிதாகப் போய்விட்டதே என்று மயில்சாமிக்கு ஆறவே இல்லை. அக்காளைக் கட்டியவர் இத்தனை கல்நெஞ்சுக்காரர் என்று அவன் நினைத்ததே இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஆறுச்சாமி பல்லடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மருதாள் தனியாகத்தான் வந்தாள்.

"பெரியவரு இல்லீங்களா? அப்பறமா வர்றனுங்க."

"இருங்கம்மா. அந்த எண்ணூறு கையில இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க. வண்டி நானே புடிச்சுத் தர்றேன். மச்சான்கிட்ட நான் பேசிக்கறேன்."

மருதாளுக்கு நம்ப முடியவில்லை. பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, அழுகையும் சிரிப்புமாக, "நீங்க நல்லா இருக்கோணுங் சாமி! உங்க புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கோணும்!" என்றாள்.

மயில்சாமிக்கும் கண் கலங்கிவிட்டது. மாட்டு வண்டி ஒன்றைக் கூப்பிட்டுச் சட்டங்களை அவனே ஏற்றிக் கயிறு கட்டினான். மச்சான் வந்து நாலு வார்த்தை திட்டினால் திட்டிக்கொள்ளட்டும் என்று இருந்தது.

மருதாள் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோதுதான் நல்லான் அவளைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். வண்டியில் இருந்த மரத்தைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போய் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஆறுச்சாமி அண்ணன் இல்லீங்களா?" என்றார் மயில்சாமியிடம்.

"பல்லடம் போயிருக்காருங்க. கவலப்படாதீங்க, எண்ணூறுக்கே குடுத்துட்டனுங்க. இனி நாள் குறிச்சு நிலவு வெக்க வேண்டியதுதானுங்களே."

வண்டியிலிருந்து மருதாள் கூப்பிட்டாள். அவள் குரலில் அப்படி ஒரு துள்ளலை மயில்சாமி அதுவரை கேட்டதில்லை.

"ஏனுங், அங்கென்ன நிக்கறீங்க? போற வழியில பையனுக்குத் தந்தி குடுத்துட்டுப் போயரலாம், வெரசா வாங்க!"

நல்லான் நகரவில்லை. மயில்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங் கால்ல விழுந்து கேட்டுத்தானுங்க அண்ணன் வெலைய எறக்காம வெச்சிருந்தாரு," என்றார், வண்டிக்குக் கேட்காத குரலில். "நெஞ்சு நோவுக்காரி, கேட்டாத் தாங்கமாட்டான்னு, நிலவு வெக்கறப்ப வருவான்னு நாந்தான் பொய் சொல்லி வெச்சேன். பம்பாயில என்ர கையால கொள்ளி வெச்சுட்டு வந்த பையனுக்கு, இனி எங்கீங்க சாமி நான் தந்தி குடுப்பேன்?"