வலது பக்க சிலிண்டர்

“மறுபடியும் ஒரு பக்கம் செத்துப் போச்சு தம்பி” என்றபடி மரியநாயகம் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை ஒற்றை சிலிண்டரில் இருமிக்கொண்டே வந்திருந்தது அவருடைய பழைய இரட்டை சிலிண்டர் வண்டி. வழியில் பெட்டாலிங் ஜெயா நகர் முழுக்க மெக்கானிக் கடைகள் இருக்கின்றன. அத்தனையையும் தாண்டி, சனிக்கிழமை தவறாமல் விமலனின் கடைக்குத்தான் வருவார்.

விமலன் முன்பே வாங்கி மூடி வைத்திருந்த இரண்டு தே தாரிக் டீயில் ஒன்றை அவரிடம் நீட்டினான்.

பக்கத்து நாசி லெமாக் சோற்றுக் கடை புனிதா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்த்தாலும் தீர்ப்புச் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது.

“அவரேதான் எதையாவது கழட்டி விட்டுட்டு வராரு லா” என்று விமலனின் காதைக் கடித்தாள். “வீட்டுல பேச ஆள் இல்ல போல. உன் பொழப்புதான் கெடுது. இன்னிக்கு நேரா கேட்டுடு.”

“கேட்டா அப்புறம் வரமாட்டாருக்கா.” அதைச் சொல்லும்போதே விமலனின் முகம் வாடிவிட்டது.

“நீயும் தனிக்கட்டை, அவரும் தனிக்கட்டை. நல்லா சேர்ந்தீங்க.”

விமலன் இரண்டு எக்சோஸ் பைப்பிலும் தண்ணீர் தெளித்தான். இடது பக்கம் சுர்ரென்றது. வலது பக்கம் சூடே இல்லாமல் சும்மா வழிந்தது. கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்தான், பெட்ரோல் ஒழுங்காக வந்தது. பிளக்குகளை இடம் மாற்றிப் போட்டான், அப்போதும் வலது பக்கம் எழுந்திருக்கவில்லை.

நடுநடுவே மரியநாயகம் தன் ரயில்வே குவார்ட்டர்ஸ் காலத்துப் பந்தாட்டக் கதைகளை அவிழ்த்துவிட்டார். விமலன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். போன வாரம் கேட்ட கதைக்கும் சிரித்தான்.

அவருடைய கைபேசி அடித்தது. “மெக்கானிக் கடையிலதான் இருக்கேன் கெர்ட்ரூட். லேட்டாகும், நீங்க சாப்பிடுங்க” என்று சொல்லி வைத்தார்.

புனிதா உதட்டைப் பிதுக்கினாள். “அந்தப் பக்கம் பொண்டாட்டி, பிள்ளைன்னு யாரும் இருக்கமாட்டாங்க. சும்மா நடிப்பு.”

சோற்று நேரம் தாண்டிய பிறகுதான் கோளாறு அகப்பட்டது. வலது பிளக் கேப்புக்குள் வயர் திருகி நிற்கும் இடம் தளர்ந்திருந்தது. போன வாரமும் அதேதான். இறுக்கிவிட்டு உதைத்ததும் இரண்டு பக்கமும் சேர்ந்து முழங்கின.

“பழைய வண்டி அங்கிள். குலுங்கிக் குலுங்கி கழண்டுக்குது” என்று இஞ்சினை அணைத்தான் விமலன். வண்டியை ஒப்படைக்கும் முன், எப்போதும்போல் டேங்குக்கு அடியில் கையை விட்டு ஒருமுறை திருகிப் பார்த்துக்கொண்டான்.

மறுபடியும் கைபேசி. அவசரத்தில் மரியநாயகம் ஸ்பீக்கரை அழுத்திவிட, பிள்ளைகளின் கூச்சல் கடையை நிறைத்தது. அதற்கு மேலே ஒரு பெண்குரல்: “மக கேரனும் பேரப்பிள்ளைங்களும் வந்து எவ்வளவு நேரமாச்சு? சனிக்கிழமை ஆனா உங்களுக்கு அந்தக் கடைதானா?”

புனிதா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போய் வாழையிலையை நறுக்க ஆரம்பித்தாள்.

விமலன் கைத்துணியைப் பிசைந்துகொண்டு நின்றான். இனி அடுத்த சனிக்கிழமை வரை, கடைக்கு மேலேயுள்ள அறையில் அவனும் மின்விசிறியும்தான்.

மரியநாயகம் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். உதைக்கும் முன், விமலன் கைவிட்ட அதே இடத்தில் தன் கையை விட்டுத் தடவினார். மறுபடி தளர்ந்திருந்த வலது பக்கக் கேப்பை நிதானமாக இறுக்கினார்.

விமலன் தலையைக் குனிந்துகொண்டான்.

“வண்டி கெடாட்டியும் வருவேன் தம்பி.”