இன்னும் நாலு மாசம்

"ஷ்... மெதுவாப் பேசுங்க. வாசல்ல ஆள் இருக்கு!"

சோற்றுத் தட்டை உள்ளே தள்ளினாள் மனைவி. அவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

ரொட்டி வேன் ஓட்டியவன் அவன். விடிகாலையில் சைக்கிளில் போன ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டு, இறங்கிக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தவன். அடிபட்டவர் அவன் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டாராம்; பேர்தான் தெரியாதாம். அன்றிலிருந்து இந்தச் சாமான் அறைதான் அவனுக்கு உலகம். அக்கம்பக்கத்தில் கேட்டால் 'வெளியூரில் வேலை'.

"இன்னும் எத்தனை நாள்டி?"

"நாலே மாசம். மூணு வருஷம் ஆயிட்டா அப்புறம் கேஸே போட முடியாதுன்னு வக்கீல் சொன்னாருன்னு எத்தனை தடவை சொல்றது? பொறுத்தது பொறுத்தீங்க, இன்னும் கொஞ்சம் பொறுங்க."

அவள் வீட்டிலேயே துணி தேய்த்துக் கொடுப்பவள். தோளில் கிடந்த பேன்ட்டை அப்போதுதான் கவனித்தான். அதன் ஒரு கால் முழங்காலோடு மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.

"இது யாருது?"

"நீங்க இடிச்ச சைக்கிள்காரரோடதுதான். ரொம்ப நாளா நம்மகிட்டதான் தேய்க்கக் கொடுக்கறார்."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "ஐயோ, அவரா? இங்கே எதுக்கு வர்றார்? என்னைப் பார்த்துட்டா?"

"அதுக்குத்தானே பூட்டிட்டுப் போறேன்."

வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். இப்படி ஒருத்தி வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கண் கலங்கினான்.

வாசலில் ஓர் ஆண்குரல் கேட்டது. அவர்தானோ என்று கதவில் காதை வைத்தான்.

"இந்தக் கறுப்புக் கோட்டை நாளைக்குள்ள தேய்ச்சுடும்மா."

வக்கீல்தான்! போன உயிர் திரும்பி வந்தது.

"உங்க வீட்டுக்காரர் இன்னுமா வெளியூர்ல இருக்கார்? ரெண்டு வருஷக் கெடு முடிஞ்சே எட்டு மாசமாச்சேம்மா! இனிமே அவர்மேல யாரும் கேஸ் போட முடியாது. தைரியமா வரச் சொல்லு."

ரெண்டு வருஷமா? அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பாவம், இவள் தப்பாகக் காதில் வாங்கியிருக்கிறாள்! கதவைத் தட்டக் கையை ஓங்கினான்.

மனைவியின் குரல் கேட்டது. இந்த முறை அவள் கிசுகிசுக்கவில்லை.

"மாட்டியிருந்தா மூணு வருஷம் உள்ளே இருந்திருப்பார்னு நீங்கதானே சார் சொன்னீங்க? இன்னும் நாலு மாசம் பாக்கி இருக்கு."