தொண்டிக் கோழியின் குஞ்சு

திருடியவர் வெளியே உலாத்துகிறார். திருடுபோனது உள்ளே அடைபட்டுக் கிடக்கிறது. அது எந்த இடம், சொல்லுங்கள் பார்க்கலாம்?

தெரியாவிட்டால் கேளுங்கள். அது காட்டுக் காவல் நிலையம். கோழியைத் திருடிய நரிக்கு மறுநாளே ஜாமீன் கிடைத்துவிட்டது. கோழிதான் திருட்டு வழக்கின் சான்றாக, தொண்டிப் பொருளாகக் கூண்டில் கிடந்தது. வழக்கு முடியும், வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்தே அது முட்டையிட்டு, அடைகாத்து, ஒரு குஞ்சும் பொரித்துவிட்டது.

"ஏட்டய்யா, என்னை விடாட்டியும் இவளையாவது வெளியே விடுங்களேன்," என்று அது காவல் நாயிடம் கெஞ்சியது.

"விடலாம். சொத்துள்ளவங்க யாராவது பொறுப்பு எடுத்துக்கணுமே."

அந்த நேரம் பார்த்து, கையெழுத்துப் போட நரி வந்தது. "அதுக்கென்ன, நான் எடுத்துக்கறேன். என் பேர்ல குகை இருக்கு."

"பெரிய மனசு ஐயா உங்களுக்கு!" என்று நாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டது.

கோழிக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. "என் கழுத்தைக் கவ்வித் தூக்கிட்டுப் போனதே இந்தப் பாவிதானே!"

"வாயை அடக்கிப் பேசு. அது இன்னும் நிரூபணமாகலை. ஆகிற வரைக்கும் ஐயா யோக்கியர்தான்."

"அப்போ நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"நீ ஒரு தப்பும் பண்ணலை. அதனாலதான் உனக்கு ஜாமீன் கேட்க வழியே இல்லை," என்றபடி நாய் கூண்டைத் திறந்தது.

நரி வாயைத் துடைத்துக்கொண்டு குனிந்தது. "வாம்மா கண்ணு, போகலாம்."

குஞ்சு நரியைப் பார்த்தது. பிறகு, தான் கூண்டிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னது.