பச்சை விளக்கு

பள்ளிக்கூடத்தை மூடலாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்தை ஊரே கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தது. குழு உறுப்பினர் ஒவ்வொருவர் முன்னும் ஒரு விளக்கு இருந்தது. வாய் சொல்லும் காரணம்தான் மனசிலும் இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

"பிள்ளைங்க டவுன்ல படிச்சாதான் முன்னேறும்" என்றார், பள்ளி நிலத்தின் மேல் கண் வைத்திருந்த தேவசகாயம். சிவப்பு. மூடலாம் என்ற ஐந்து பேருக்கும் சிவப்புதான். கூடாது என்ற நான்கு பேருக்கும் சிவப்புதான். பழகிப்போயிருந்ததால் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

கடைசி ஆள், காலை உணவு சமைக்கும் மரகதவல்லி. அவள் வாக்கால் சமமானால் பள்ளி தப்பிவிடும். பிள்ளைகளின் நலன் என்று அவளும் எழுதிக்கொண்டுதான் வந்திருந்தாள். அந்தச் சிவப்பை மகள் பார்ப்பாளே என்று தோன்றியதும் தாளை மடித்து வைத்துவிட்டாள்.

"மூட வேண்டாம். மூடிட்டா எனக்கு வேல போயிரும்."

பச்சை.

தலைவி பூங்கொடி விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். "சொந்த லாபம்னு வாயால ஒத்துக்கிட்டா ஓட்டு செல்லாது அக்கா."

"அப்ப அவங்க ஓட்டு?"

"அவங்க அப்படி ஒண்ணும் சொல்லலையே."

ஐந்துக்கு நான்கு. பள்ளி மூடப்படும் என்று தலைவி அறிவித்ததும் எல்லோரும் எழுந்து போனார்கள். மரகதவல்லியின் விளக்கு மட்டும் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.